விபூதிப் பொட்டலமும் இரண்டு பற்றரியும்

1

ஊரிலிருந்து யாராவது தொலைபேசியில் "என்ன வேலை செய்யிறீர்?" என்று கேட்டால், "கொம்பனி வேலை" என்று சொல்லித் தப்பிவிடுவேன். இன்றைக்கு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் வேலை பற்றரி கழற்றுவது.

ஸ்காபரோவின் வடக்கு விளிம்பில், மக்கள் எறிந்த மின்சாதனங்களைப் பிரிக்கும் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. ஒன்பது வருடமாக அங்கே நிற்கிறேன். பெரிய சாமான்களை உடைப்பது வேறு ஆட்கள். ரிமோட், கல்குலேற்றர், பேசும் பொம்மை, பிள்ளைகளின் விளையாட்டுக் கருவி எல்லாம் பெல்ட்டில் எங்கள் மேசைக்கு வரும். முதுகைத் திருப்பி, மூடியைத் திறந்து, பற்றரியை எடுத்து வாளியில் போட வேண்டும். சட்டைப் பொத்தான் அளவிலான பற்றரிகளுக்குத் தனி வாளி. எட்டு மணித்தியாலமும் இதுதான். பக்கத்தில் நிற்கும் பிலிப்பீன்ஸ் பெண் பாட்டுக் கேட்பாள். நான் பேசாமல் செய்வேன். பற்றரியைத் தொடவே கூடாத ஆள் என்று ஒருத்தி இந்த ஊரில் இருந்தால் அது நான்தான். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

இந்த ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனைத் திறந்தால் இரண்டு செய்திகள். ஒன்று மகள் ஆரபி அனுப்பியது. "அம்மா, பைனல் ரவுண்ட்! வியாழன் பின்னேரம் எட்டு மணி. அங்க அது வெள்ளி காலமை." அங்கே என்றால் ஜப்பானில் கியோட்டோ. இங்கே பிறந்து, இங்கே வீடியோ கேம் வடிவமைக்கப் படித்து, இந்த வருடம் படிப்பை முடித்தவள். அங்குள்ள பெரிய கேம் நிறுவனம் ஒன்றில் வேலைக்குக் கேட்டு, மூன்று நேர்முகம் தாண்டிவிட்டாள்.

மற்றது என் அண்ணாவின் குரல். "வாணி, இமிகிரேசன்ல இருந்து கடிதம் வந்திருக்கு. திங்கட்கிழமை நேர்ல வரட்டாம். நாளைக்கு வாறன்."

அண்ணா நேசன், ஸ்காபரோவிலேயே மல்வேர்ன் பக்கம் இருக்கிறார். பாண் போடும் பேக்கரித் தொழிற்சாலையில் வேலை. இருபத்திரண்டு வருடமாக நிரந்தர வதிவிட அட்டையைப் புதுப்பித்துப் புதுப்பித்தே காலத்தைக் கடத்தியவர். ஆரபிதான், "மாமா, நான் ஜப்பான் போனா நீங்க வந்து பாக்க வேணாமா? சிட்டிசன்ஷிப் எடுங்கோ" என்று பிடியாய்ப் பிடித்து விண்ணப்பிக்க வைத்தாள். சோதனை எழுதிப் பாஸ் பண்ணியும் விட்டார். இனிச் சத்தியப்பிரமாணம்தான் என்று இருந்தோம். நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே பைக்குள் வைத்தேன்.

2

நிறுவனத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதக்கூடாது என்று ஆரபி கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள், நான் சொல்லி முடிக்க முதலே சொல்லிவிடுவார்கள்.

அதன் சரித்திரம் இப்போது எனக்கு மனப்பாடம். நேர்முகத்தில் பத்து நிமிடம் பேச வேண்டும், நிறுவனத்தின் வரலாறும் தன் வாழ்க்கையும் எங்கே சந்திக்கின்றன என்று. இரண்டு கிழமையாக ஆரபி சாப்பாட்டு மேசையில் நின்று பேசிப் பழகினாள். எதிரே நான் உடுப்புக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தேன்.

நூறு வருடத்துக்கும் முன்னே, கியோட்டோவில் ஒருவர் சின்னக் கடை போட்டு, முசுக்கட்டைப் பட்டையில் செய்த காகிதத்தில் கையால் பூப்படம் போட்ட சீட்டுகளை விற்றாராம். பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு பூ. வாங்கியவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? சூதாடிகள். ஆட்டத்துக்கு ஆட்டம் புதுக் கட்டுத்தான் வேண்டும் என்பார்களாம், கள்ளச் சீட்டுப் பயத்தில்.

"அப்ப கள்ளராலை முன்னேறின கொம்பனி," என்றேன்.

"அம்மா, பிளீஸ், அதை அங்க சொல்ல ஏலாது."

பிறகு அந்தக் குடும்பத்தில் பேரன் முறையில் ஒருவர் இளம் வயதிலேயே பொறுப்பெடுக்கிறார். சீட்டு மட்டும் போதாது என்று ராக்ஸி ஓட்டிப் பார்க்கிறார், வெந்நீர் ஊற்றினால் வெந்துவிடும் சோறு விற்றுப் பார்க்கிறார். ஒன்றும் சரிவரவில்லை. இந்த இடத்தில் எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. ஸ்காபரோ பிளாசாக்களில் வீடியோ கடை, சாப்பாட்டுக் கடை, பிறகு ரியல் எஸ்டேட் என்று பலகை மாற்றிய எத்தனை பேரை எனக்குத் தெரியும்.

அடுத்துத்தான் ஆரபிக்கு உயிரான கட்டம். தொழிற்சாலையில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த ஒருவர், பொழுது போகாமல், நீளும் கை ஒன்றைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தாராம். முதலாளி கண்டுவிட்டார். வேலை போயிற்று என்று அவர் நினைக்க, முதலாளியோ அதைப் பொம்மையாகச் செய்து விற்கச் சொன்னாராம். அதே மனிதர் பின்னொரு காலம் ரயிலில் போகும்போது, களைத்துப்போன உத்தியோகத்தர் ஒருவர் சும்மா கல்குலேற்றரைத் தட்டித் தட்டிப் பொழுதைப் போக்குவதைப் பார்த்தார். அதிலிருந்து பிறந்தது சட்டைப் பையில் அடங்கும் விளையாட்டுக் கருவி. கல்குலேற்றரின் திரை, கல்குலேற்றரின் பற்றரி. எல்லாம் மலிந்துபோன பழைய சாமான், யோசனை மட்டும் புதிது.

"அந்தப் பற்றரி எது?" என்று கேட்டேன், எனக்குத் தெரிந்திருந்தும்.

"சின்ன பட்டன் செல், அம்மா. எங்கட பிஸ்கட் டின்னுக்குள்ள இருக்கிற உங்கட பழைய கேமில ரெண்டு போட வேணும். ஏன்?"

"ஒண்டுமில்லை." அதற்குள் சட்டைக் கொலர் கருகி மணத்தது.

3

யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லாத காலம். சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்போம். சண்டைக் காலம் என்பதால், குண்டு செய்ய உதவும் என்று அரசாங்கம் தடுத்த, தெற்கிலிருந்து கொண்டுவரக்கூடாத சாமான்களின் பட்டியலில் பற்றரி முன்னுக்கு நின்றது. அளவு கணக்கில்லை. பட்டாணி அளவென்றாலும் பற்றரி பற்றரிதான்.

எனக்குப் பதினொரு வயது. அண்ணாவுக்குப் பத்தொன்பது. ஜெர்மனியிலிருந்து கொழும்புக்கு வந்திருந்த பெரியப்பாவைப் பார்க்க அண்ணா என்னைக் கூட்டிப் போனார். பெரியப்பா எனக்கு அந்த விளையாட்டுக் கருவியைத் தந்தார். புத்தகம்போலத் திறந்து மூடுவது. மேலும் கீழும் இரண்டு திரை, இரண்டு பெருவிரலுக்கும் பொத்தான். அங்கே தங்கிய நான்கு நாளும் நான் தலை நிமிரவில்லை. புறப்படும் அன்று காலை அண்ணா முதுகு மூடியைத் திறந்து இரண்டு பற்றரியையும் எடுத்து, பெரியப்பாவின் மேசையில் வைத்தார்.

"சாமானைக் கொண்டு போகலாம். உது ஏலாது," என்றார். "சண்டை முடிய வேற வாங்கித் தாறன்."

நான் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. அதனால்தான் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. கோயிலில் கட்டித் தந்த விபூதிப் பொட்டலம் ஒன்று சாமித்தட்டில் இருந்தது. அதைப் பிரித்து, இரண்டு பற்றரியையும் சாம்பலுக்குள் புதைத்து, திரும்ப மடித்து, வெளிக்கிடும்போது அண்ணாவின் சட்டைப் பையில் நானே வைத்தேன். "அம்மாவுக்கு விபூதி" என்றேன். சாமி சாமானை ஒருவரும் கிளற மாட்டார்கள் என்பது என் கணக்கு. சைவப் பிள்ளைக்கு மட்டுமே வரக்கூடிய மூளை அது.

வவுனியாவைத் தாண்டிய சோதனைச் சாவடியில் நின்ற ஆமிக்காரருக்கு விபூதி என்றால் சாம்பல். விரலை விட்டுக் கிளறினார். விரல் ஓரிடத்தில் தட்டி நின்றது.

"காகெத?" என்று சிங்களத்தில் கேட்டார். யாருடையது.

அண்ணா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு அவர்பக்கம் திரும்பி, தன் நெஞ்சைத் தொட்டு, "மகே," என்றார். என்னுடையது.

அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். பின்னேரம்வரை நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வரிசையில் நின்ற ஊர்க்காரர் ஒருவர் கிளாலிக் கடல் தாண்டி என்னை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கருவியைத் திருப்பித் தந்திருந்தார்கள். பற்றரி இல்லாவிட்டால் அது குற்றமில்லாத சாமான். அண்ணா வீட்டுக்கு வர பத்தொன்பது நாள் எடுத்தது. வந்தபோது இடது காது கேட்கவில்லை. எப்படி என்று அவர் சொல்லவில்லை. பற்றரி எப்படிப் பொட்டலத்துக்குள் வந்தது என்று என்னிடம் கேட்கவுமில்லை. நானும் சொல்லவில்லை.

இன்றைக்கும் இங்கே கோயிலில் ஐயர் விபூதி தந்தால், அண்ணா உள்ளங்கையில் வைத்து விரலால் ஒருமுறை கிளறிப் பார்த்துவிட்டுத்தான் பூசுவார். மற்றவர்கள் பழக்கம் என்று நினைப்பார்கள். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

4

அந்தக் கருவி பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தபடியே என்னோடு கனடா வந்தது. எறிய முடியவில்லை, தொடவும் முடியவில்லை. ஆரபி எட்டு வயதில் அதைக் கண்டுபிடித்து, டொலர் கடையில் பற்றரி வாங்கிப் போட்டுவிட்டாள். நான் அடுப்படியில் நின்றேன். 'பிப் பிப்' என்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பறித்து, கையில் அடித்தும் விட்டேன். நான் பிள்ளையை அடித்தது அந்த ஒரு தடவைதான். அவள் அழவில்லை, ஆச்சரியமாகப் பார்த்தாள். வீடியோ கேம்தான் தன் வாழ்க்கை என்று அவள் முடிவெடுத்தது அந்த நாளில்தானாம். அம்மா இவ்வளவு பயப்படுகிற சாமானுக்குள் என்னதான் இருக்கிறது என்று.

இந்த வருடம் நேர்முகம் என்றதும் காரணம் கேட்டுத் துளைத்தாள். நான் பாதியைச் சொன்னேன். மாமாவின் பையில் பற்றரி இருந்தது, பிடித்தார்கள், பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள் என்று. அந்தப் பாதியை வைத்து அவள் ஒரு படப் பக்கம் செய்துவிட்டாள். ஒரு பக்கம் மாமாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படம், மறுபக்கம் அந்தக் கருவி. நடுவில் ஆங்கிலத்தில், தங்கைக்காகப் பற்றரியை ஒளித்துக் கொண்டுவந்த மாமா என்று. பார்த்ததும் எழும்பி அடுப்படிக்குப் போய்விட்டேன். பெருமையில் என்று அவள் நினைத்தாள்.

5

புதன்கிழமை நாலு மணிக்கு அண்ணா வந்தார். என் கணவர் லொறியோடு மேற்குப் பக்கம் போயிருந்தார். ஆரபி பேஸ்மென்றில் இருந்தாள். அண்ணா வழக்கம்போல வலது காது என் பக்கம் இருக்கும்படி கதிரையைத் திருப்பி உட்கார்ந்து, கடித உறையை மேசையில் வைத்தார். எல்லாப் பாஸ்போட்டும் கொண்டு வர வேண்டும். கோப்பிலுள்ள சில விபரங்களைத் தெளிவுபடுத்த வேண்டும். அவ்வளவுதான் இருந்தது, ஆனால் அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை.

"வாணி, உனக்குச் சொல்லாத ஒண்டு இருக்கு," என்றார். "கொழும்பில இருந்து அண்ணி என்னைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் பண்ணின நேரம் படிவம் நிரப்பேக்க, எப்பவாவது தடுத்து வைச்சவையோ எண்டு ஒரு கேள்வி இருந்தது. நான் இல்லை எண்டு போட்டனான்."

கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். இங்கே குடிவரவுப் படிவத்தில் பொய் எழுதினால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். குடியுரிமை கிடக்கட்டும், இருக்கிற வதிவிடத்தையும் பறிக்கலாம். ஐம்பத்திரண்டு வயதில் பாண் தொழிற்சாலையையும் அண்ணியையும் விட்டு அவர் எங்கே போவார்?

அந்த நேரம் பார்த்து, ஹீற்றர் காற்று வரும் நிலத்துக் கம்பித் துவாரம் வழியாக ஆரபியின் குரல் மேலே வந்தது. வழக்கமாகக் கேட்பதுதான். இங்குள்ள வீடுகளில் கீழே பேசினால் மேலே கேட்கும். அவள் பழகிக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில், தெளிவாக, என் மாமா பத்தொன்பது நாள் தடுத்து வைக்கப்பட்டிருந்தார் என்று.

அண்ணா தலையைச் சரித்தார். "உவள் என்ன சொல்லுறாள்?"

அவரே வலது காதைக் கம்பிப் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆரபி அந்த வசனத்தை மூன்று தரம் சொன்னாள், ஒவ்வொரு தரமும் வேறு இடத்தில் அழுத்தி.

கூப்பிட்டேன். லப்ரொப்போடு வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் வெளுத்துப்போனது. "ஓ மை கோட். மாமா, சொறி. இதை ரெக்கோர்ட் பண்ணுவினம் எண்டு மெயில்ல இருக்கு. நான் இப்பவே டிலீட் பண்ணுறன்."

"அப்ப நாளைக்கு என்னத்தைப் பேசுவாய்?" என்று அண்ணா கேட்டார்.

"தெரியேல்லை. அந்த ஸ்லைட் இல்லாட்டி மிச்சம் எல்லாம் இன்டர்நெட்ல இருக்கிறதுதான். எவரும் பேசலாம்."

அவள் விரல் நீக்கும் பொத்தானுக்குப் போனது. அண்ணா கையை நீட்டித் திரையைத் தன்பக்கம் திருப்பினார். தன் படத்தை வெகுநேரம் பார்த்தார். ஆங்கில வசனத்தை வாயசைத்து வாசித்தார்.

"அழிக்காதை பிள்ளை. சரியாத்தான் எழுதியிருக்கிறாய். நான்தான் ஒளிச்சனான்."

"இல்லை," என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக வாய்க்குள் வைத்திருந்தது, வெளியே வந்தபோது ஒரு வசனமாகத்தான் இருந்தது. "பற்றரியை விபூதிக்குள்ள வைச்சது நான்." சொல்லிவிட்டு அழுதேன். வெட்கமாக இருந்தது, மகளுக்கு முன்னால் பதினொரு வயதுப் பிள்ளையாகிவிட்ட வெட்கம்.

அண்ணா அசையவில்லை. "தெரியும்தானே," என்றார். "பொக்கற்றில வைச்சது நீ. வேற ஆர்?"

"அப்ப ஏன் ஒரு நாளும் கேக்கேல்லை?"

"கேட்டால் நீ ஓம் எண்டு சொல்லியிருப்பாய். பிறகு அதை வைச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது?" கோப்பையைத் தள்ளி வைத்தார். "அந்தப் படிவத்திலயும் அதுதான் சிக்கல். ஓம் எண்டு போட்டால், கீழ பெட்டிக்குள்ள காரணம் எழுத வேணும். பற்றரி என்ரை எண்டு எழுதினால் பொய். தங்கச்சியின்ரை எண்டு எழுத, உன்ர பேரை ஒரு ஒபிஸ் கடுதாசியில குடுக்க எனக்கு மனம் வரேல்லை. இரண்டுக்கும் பஞ்சிப்பட்டு இல்லை எண்டு போட்டன்."

பஞ்சியாம், சோம்பலாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. மனிதர் தன் நாட்டுரிமையையே பணயம் வைத்துவிட்டு, கடைக்குப் போகப் பஞ்சி என்பதுபோலச் சொல்கிறார்.

ஆரபிதான் முதலில் தெளிந்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு, புதுப் பக்கம் திறந்தாள். "அவங்கள் கேக்க முதல் நாங்க சொல்லுவம். படிவத்தில பிழை விட்டிட்டன், திருத்துறன் எண்டு கடிதம். திங்கள் கையில குடுங்கோ. நாளைக்கு ஒரு லோயரிட்டையும் காட்டுவம். மாமா, சொல்லுங்கோ, நான் இங்லிஷ்ல அடிக்கிறன்."

அண்ணா சொன்னார். இடம், ஆண்டு, எத்தனை நாள். காது பற்றி ஒரு வரி. அந்த வரியை அன்றைக்குத்தான் நான் முதன்முதலில் கேட்டேன், அதை இங்கே எழுத மாட்டேன். கடைசியில் ஆரபி நிமிர்ந்தாள். "ரீசன்?"

"பற்றரி ரெண்டு," என்றார் அண்ணா.

"ஆற்றை?"

"என்ரை," என்றார் அண்ணா.

"என்ரை," என்றேன் நானும்.

ஆரபி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு யாரையும் கேட்காமல் ஏதோ தட்டினாள். வாசித்துக் காட்டச் சொன்னேன். தங்கையுடையது, அவளுக்கு வயது பதினொன்று என்று இருந்தது. அண்ணா கையெழுத்து வைக்க நெடுநேரம் எடுத்தார்.

6

வியாழன் எட்டு மணிக்கு ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. ஆரபி கீழே பேசினாள். நான் அந்தக் கம்பிக்குப் பக்கத்தில் நிலத்தில் உட்கார்ந்து கேட்டேன். வசனத்தை மாற்றியிருந்தாள். மாமா ஒளித்தார் என்பதற்குப் பதில், அம்மா ஒளித்தாள், மாமா தன்னுடையது என்றார். பிறகு நேர்முகம் செய்தவர்களில் ஒரு கிழவரின் குரல், மெதுவான ஆங்கிலத்தில், அந்தக் கருவியைக் கமராவுக்குக் கிட்டக் காட்ட முடியுமா என்று கேட்டது. முடிவு இன்னும் வரவில்லை.

திங்கள் காலை அண்ணாவோடு நானும் போனேன். லோயர் கடிதத்தைப் பார்த்து, கொடுப்பதுதான் சரி, ஆனால் எதையும் உறுதியாகச் சொல்ல ஏலாது என்றிருந்தார். இமிகிரேசன் கந்தோரில் பெயர் கூப்பிட்டார்கள். கூட வந்தவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்று காவலாளி வாங்கைக் காட்டினார். கதவு மூடியது.

கனடா இது, ஒன்றும் நடக்காது என்று எனக்கு நானே சொன்னேன். ஆனாலும் அதே வாங்கு, அதே கதவு, உள்ளே அதே ஆள். நாற்பது நிமிடத்தில் எத்தனை தரம் எழும்பி இருந்தேனோ தெரியாது. காவலாளி தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

கதவு திறந்தது. அண்ணா கோப்பைக் கக்கத்தில் வைத்தபடி வந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன சொன்னவை?"

"கடிதத்தை அந்த ஒபிசர் மனிசி ரெண்டு தரம் வாசிச்சவா. பிறகு கேட்டா, பற்றரி உண்மையில ஆற்றை எண்டு."

"நீங்கள்?"

"என்ர தங்கச்சியின்ரை எண்டன். வெளியில வாங்கில இருக்கிறாள், கூப்பிடட்டோ எண்டும் கேட்டன்."

"அதுக்கு அவா?"

"வேண்டாமாம். முடிவு தபாலில வருமாம்."

நல்ல முடிவா கெட்ட முடிவா என்று அவருக்கும் தெரியவில்லை. நேரே வாசலுக்கு நடப்பார் என்று பார்த்தேன். இல்லை. வாங்கைச் சுற்றி வந்து, வலது காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு," என்றார். "அண்டைக்கு அந்தப் பொட்டலத்தை எப்ப எடுத்தனீ? நான் முகம் கழுவப் போன நேரமோ?"

"இல்லை அண்ணா," என்று சொல்லத் தொடங்கினேன்.